இந்தப் பத்தி இங்கே எதற்கு?



காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் வீடு வந்து சேரும் நாட்களில் நம் இதழுக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே குறையைச் சொல்பவை. "கதை என்றால் ஒரு வரி விடாமல் சொல்கிறான். சமூக அறிவியல் பாடத்தைப் படித்துவிட்டு, என்னப்பா இருந்தது என்று கேட்டால் முதல் பத்தியை அப்படியே ஒப்பிக்கிறான்." எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் எழுதுகிறார்கள். அவர்கள் கடிதத்தில் கொஞ்சம் சலிப்பும் சேர்ந்திருக்கும்.

அந்தப் பிள்ளைகளிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை. கதையின் போக்கு மடியில் உட்கார்ந்து சோறு உண்ட நாளிலிருந்தே அவர்களுக்குப் பழக்கம். ஒருவர் வருவார், ஒரு சிக்கல் வரும், பிறகு என்ன ஆயிற்று என்று தானாகவே கேட்பார்கள். கட்டுரைக்கு அப்படி ஒரு போக்கு இருப்பதாக அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. ஆறாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல், தமிழில் உரைநடை உலகம் என்று தகவல் சொல்லும் பாடங்கள் திடீரென்று கனக்கத் தொடங்குகின்றன. அவர்களுக்குத் தெரிந்த ஒரே அமைப்பு முன்னுரை, பொருளுரை, முடிவுரை. அதுவும் எழுதுவதற்கு, படிப்பதற்கு அது ஒன்றுக்கும் உதவாது.

தேர்வும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. 'பத்தியைப் படித்து விடை தருக' என்ற பகுதியை ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எப்படிச் செய்கிறாள் என்று பாருங்கள். முதலில் கேள்வியைப் படிப்பாள். அதிலுள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்திக்குள் தேடுவாள். அந்தச் சொல் வரும் வாக்கியத்தை எடுத்து எழுதுவாள். முழு மதிப்பெண். அந்தப் பத்தி எதைச் சொல்ல வந்தது என்பது கடைசிவரை அவளுக்குத் தேவைப்படவே இல்லை.

பத்திரிகை அலுவலகத்தில் எங்களுக்கு வேறு வகைத் தேர்வு உண்டு. இதழ் அச்சுக்குப் போகும் நாளில் அரைப் பக்க விளம்பரம் ஒன்று வந்து நிற்கும். (வரவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறோம், அது வேறு கதை.) எட்டுப் பத்திக் கட்டுரையை ஆறாக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பத்தியாக நிறுத்தி, நீ இங்கே எதற்கு என்று கேட்போம். சில பத்திகள் உடனே பதில் சொல்லும்: நான் போனால் அடுத்தது புரியாது. சில, நான் போனால் மறுதரப்பே இல்லாமல் போகும் என்னும். சில வாய் திறக்காது, அவைதான் வெட்டுப்படும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் இதைச் செய்ய முடியும் என்பது என் உறுதியான எண்ணம். பாடத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், இந்தப் பத்தி இங்கே என்ன வேலை செய்கிறது, இதை எடுத்துவிட்டால் எது கெடும் என்றும் கேட்டுப் பழக்கினால் போதும்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்வோம். கையில் உள்ள செய்திகள் இவை: 1914-ல் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாலத்தின் பெரும்பகுதியையும் அடித்துச் சென்றது. ஆனால் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீரானது. 1988-ல் பக்கத்திலேயே சாலைப் பாலம் வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

இதை ஆண்டு வரிசையில் எழுதினால் அது ஒரு கட்டுரை. கடலுக்குக் குறுக்கே ரயிலும் போக வேண்டும், அதே இடத்தில் கப்பலும் போக வேண்டும், இரண்டுக்கும் எப்படி இடம் கொடுப்பது என்று தொடங்கினால் அது சிக்கலும் தீர்வுமான வேறொரு கட்டுரை. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் மேலெழுந்தது, அதைத் திறக்க ஆட்கள் கையால் இயக்க வேண்டியிருந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே நேராக மேலே போகும், மோட்டார் தூக்கும் என்று எழுதினால் ஒப்பீடு. உப்புக்காற்று இரும்பை அரித்தது, அதனால் பழையது தளர்ந்தது, ஆகவே புதியதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் என்று போனால் காரணமும் விளைவும்.

இப்போது 1964 புயலை மட்டும் பாருங்கள். ஆண்டு வரிசைக் கட்டுரையில் அது நடுவே வரும் ஒரு நிகழ்ச்சி. சிக்கலும் தீர்வுமான கட்டுரையில், அந்த நடுப்பகுதி எவ்வளவு உறுதியானது என்பதற்கு அதுவே சான்று. ஒப்பீட்டில் அதற்கு இடமே இல்லாமல் போகலாம். காரணக் கட்டுரையில் அதைக் கொண்டுவந்து வைத்தால் குழப்பம்தான் வரும். பழைய பாலத்தைத் தளர்த்தியது அந்த ஒருநாள் புயலா, ஆண்டுக்கணக்கான துருவா என்று வாசகர் தடுமாறுவார். செய்தி ஒன்றுதான், வேலை இடத்துக்கு இடம் வேறு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த ஒன்றை மட்டும் வைத்து ஒரு பாடவேளை முழுக்க வாதாட விடலாம். சத்தம் அதிகமாக இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமைப்பைக் கவனித்துப் படித்தால் பலன் உண்டா என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். போனி மேயர் என்ற கல்வி உளவியலாளர் 1970-களிலிருந்து இதே வேலையாக இருந்தவர். 1980-ல் வெளியான ஓர் ஆய்வில் அவரும் அவருடைய குழுவினரும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கட்டுரை படிக்கச் சொல்லி, நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். கட்டுரையாசிரியர் அமைத்த அமைப்பிலேயே எழுதியவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது; தோன்றியதைத் தோன்றிய வரிசையில் பட்டியல் போட்டவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. பேருந்தின் பலகையைப் பார்த்து ஏறியவருக்கு அடுத்து எந்த நிறுத்தம் வரும் என்று தெரியும்; பார்க்காமல் ஏறியவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்க்க வேண்டும். அந்நாட்டில் 2010-ல் வந்த பொதுப் பாடத்தரம் ஆறாம் வகுப்பில், ஒரு பத்தி முழுக் கட்டுரைக்குள் எப்படிப் பொருந்துகிறது என்று கேட்கிறது. எட்டாம் வகுப்பில் பத்திக்குள் குறிப்பிட்ட வாக்கியங்கள் என்ன செய்கின்றன என்று கேட்கிறது. படிப்படியாக நெருங்கிப் போகும் இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணரும் சேனாவரையரும் பல சூத்திரங்களில் கேட்டுக்கொள்வது, இது எதை உணர்த்த வந்தது என்பதைத்தான். முன்னதற்கும் இதற்கும் என்ன இயைபு, இதை ஏன் இங்கே வைத்தார் என்றும் விளக்குவார்கள். நன்னூல் பாயிரம் நூல் எழுதுபவருக்கு 32 உத்திகளைச் சொல்கிறது. தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல், ஏதுவின் முடித்தல் என்பவை அவற்றில் சில. கட்டுரையின் அமைப்பைப் பார்க்கும் கண் நம்மிடம் இருந்தது. அதை இலக்கண வகுப்போடு நிறுத்திவிட்டு, அறிவியல் பாடத்தின் பக்கம் திருப்பாமல் விட்டுவிட்டோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணைப்புச் சொற்களைப் பட்டியலிட்டுச் சுவரில் ஒட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். ஆனால், எனவே, மாறாக என்று தனிச் சொல்லாக வருபவை தமிழில் கொஞ்சம்தான். காரணமும் ஒப்பீடும் பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். 'உப்புக்காற்றால்', 'பழையதைவிட', 'புதிய பாலத்திலோ' என்று வரும்போது பிள்ளையின் கண் நழுவிவிடும். 'மழை பெய்தால்', 'மழை பெய்ததால்' இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. முன்னது நடக்கலாம், பின்னது நடந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் இதைத் தவறவிட்டு, காரணத்தையே தலைகீழாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் நிறைய. அடிக்கோடு போடச் சொல்வதென்றால் இந்த வால்களின் அடியில் போடச் சொல்லுங்கள்.

எனக்குள்ள பெரிய பயம் வேறு. அமைப்பு இத்தனை வகைப்படும், அவையாவன என்று இதையும் கைடில் அச்சடித்துவிடுவார்கள். பிள்ளைகள் அத்தனையையும் மனப்பாடம் செய்து, ஐந்து மதிப்பெண் வாங்கி, கட்டுரையை முன்போலவே படிப்பார்கள். உண்மையான கட்டுரை ஒரே வகையில் அடங்குவதும் இல்லை. ஆண்டு வரிசையில் போகும் கட்டுரைக்கு நடுவே ஒரு பத்தி ஒப்பீடு நிற்கும். வகையின் பெயர் தெரியாத பிள்ளை, "இந்தப் பத்தி இல்லேன்னா பழைய பாலத்தை ஏன் நிறுத்தினாங்கன்னே தெரியாது மிஸ்" என்று சொன்னால், அவளுக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

வகுப்பில் செலவில்லாமல் செய்ய ஒரு வழி: பாடத்தை நகலெடுத்து, பத்தி பத்தியாக வெட்டி, கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வது. எப்படி அடுக்கினார்கள் என்பதைவிட ஏன் அப்படி அடுக்கினார்கள் என்று சொல்ல வையுங்கள். ஒரு பறவையின் நிறம், அலகு, கூடு என்று வருணிக்கும் பாடத்தை எந்த வரிசையில் அடுக்கினாலும் நிற்கும்; ஒரு சட்டம் எப்படி நிறைவேறுகிறது என்ற பாடம் நிற்காது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பாடநூலில் கட்டம் கட்டிவரும் 'உங்களுக்குத் தெரியுமா?' பகுதியையும் வெட்டிச் சேர்த்துவிடுங்கள். அது எந்தப் பத்தியோடு சேர்ந்தது, அல்லது எதனோடும் சேராததா என்பதில் நல்ல சண்டை வரும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளே, இந்தப் பக்கத்தின் கடைசிச் சில வரிகள் உங்களுக்கு. மேலே உள்ள பாம்பன் செய்திகளை வைத்து ஒரு பக்கக் கட்டுரை எழுதி அனுப்புங்கள். எந்த அமைப்பு என்பது உங்கள் விருப்பம். எந்தச் செய்தியை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கீழே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். நான் முதலில் படிக்கப்போவது அந்த இரண்டு வரியைத்தான். நன்றாக வந்தவற்றை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். பெயர், வகுப்பு, பள்ளி மூன்றும் தெளிவாக இருக்கட்டும். முன்னுரை, முடிவுரை என்று தலைப்பு மட்டும் போட வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்