வித்தும் நிலமும்

வித்து நன்றாயினும் நிலம் இன்றேல் விளைவு இல்லை. அறிவியலுக்கும் இஃது ஒக்கும்.

பொருளை முப்பரிமாணத்தில் காட்டும் ஹோலோகிராபி முறையை 1947-இல் இங்கிலாந்தில் டெனிஸ் காபர் எண்ணிக் கண்டார்; 1971-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆயினும், 1960-இல் லேசர் ஒளி தோன்றிய பின்னரே அம்முறை தழைத்தது. மிகக் குறுகிய லேசர்த் துடிப்பால், பாயும் துப்பாக்கிக் குண்டையும் அசையாது நிற்பதுபோலப் பதிக்கலாம். அவ்வொளியை ஏற்கும் தகடு இல்லையேல் அவ்விரைவால் பயன் என்ன?

வெள்ளி உப்புப் பூசிய தகட்டை மருந்து நீரில் இட்டாலன்றிப் படம் துலங்காது. ஒளியுணர் பாலிமரிலோ, ஒளி பட்ட இடத்துச் சிறு மூலக்கூறுகள் கைகோத்து நெடுஞ்சங்கிலிகளாகின்றன. கழுவாமலே படம் அமைகிறது.

எண்ணியவருக்குப் பரிசளிக்கும் உலகம், அவ்வெண்ணம் விளைய ஏற்ற பொருளைச் சமைத்தவரையும் நிகராக மதித்தல் வேண்டும்.