நடை மட்டும் போதாது

நம் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு அது நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களின் ராஜ்யம். டூப்ளே சிலையிலிருந்து காந்தி சிலையைத் தாண்டிப் போய்த் திரும்புவது என் பல வருஷப் பழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சென்ற வருஷம் ஒரு விசேஷ வீட்டில் அந்தக் கர்வம் போயிற்று. மேசை வேண்டாமென்று தரைப் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். சாப்பிட்டதும் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பையன்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். "பார்த்து தாத்தா" என்று அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

டாக்டரம்மாவிடம் போனேன். மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தார். ஏழு முறை. என் வயசுக்குப் பன்னிரண்டாவது வரவேண்டுமாம். "என்ன சாப்பிடுறீங்க ஐயா?" என்றார். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு இரண்டு துண்டு ரொட்டி. பெருமையாகத்தான் சொன்னேன். "இதுல தொடைக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்.

நாம் செய்யும் தவறு இதுதான் என்று நினைக்கிறேன். சர்க்கரைக்குப் பயந்து சோற்றைக் குறைத்தோம், அது சரி. அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. வயசானவனுக்கு அரை வயிறு போதும் என்பதை ஒரு விரதம்போல் கடைப்பிடிக்கிறோம். வயசாக ஆகத் தசை தானாகவே கரைகிறது. அதற்குப் புரதமும் கொடுக்காமல், வேலையும் கொடுக்காமல் விட்டால் இன்னும் வேகமாகக் கரையும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். இப்போது என் தட்டில் காலையில் முட்டை, மதியம் கெட்டிப் பருப்பும் கீரையும் அல்லது சங்கரா மீன், மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், இரவில் ஒரு டம்ளர் பால். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிஷ நடையோடு நிறுத்தவில்லை. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் உடம்பின் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. அதற்குப் பணம் கட்டி ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் "அன், தெ, த்ருவா" என்று எண்ணி எண்ணி முழங்காலை மடக்கி எழ வைப்பார். அன்று அவரைத் திட்டாத நாளில்லை. இன்று சுவரோரம் நாற்காலியைப் போட்டு, அதே எண்ணிக்கையில் உட்கார்ந்து எழுகிறேன். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துகிறேன்.

இப்போது பதினொன்று வருகிறது. இந்தப் பொங்கலுக்குத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு கையை ஊன்றி நானே எழுந்தேன். யாரும் கவனிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

நீங்களும் இன்று எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.