காப்பி தமிழ்தான்



"ஆசிரியராக இருந்துவிட்டு 'காப்பி' என்று எழுதலாமா? 'குளம்பி' என்று எழுதக் கூடாதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். அந்தத் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் என் கருத்து வேறு.

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அங்கே அம்ஹாரிக் மொழியில் அதன் பெயர் 'புன்னா'. அரபியில் 'கஹ்வா', அந்தச் சொல் முன்பு மதுவையும் குறித்தது. அதைத் துருக்கியர் 'கஹ்வே' என்றார்கள். டச்சுக்காரர் 'கோஃபி', ஆங்கிலேயர் 'காஃபி' என்றார்கள். யாரும் வெட்கப்படவில்லை, தங்கள் வாய்க்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார்கள். துருக்கியர் காலை உணவுக்கே 'கஹ்வால்ட்டி', அதாவது காப்பிக்கு முன் சாப்பிடுவது, என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நாமும் சளைத்தவர்கள் அல்ல. கன்னியாகுமரிப் பக்கம் "காப்பி குடிச்சாச்சா?" என்றால் காலைப் பலகாரம் ஆயிற்றா என்று பொருள். இலங்கையில் 'கோப்பி' என்பார்கள். சுக்குக் காப்பியில் பெரும்பாலும் காப்பித்தூளே இருக்காது! (பரீட்சையில் அடிக்கும் 'காப்பி' வேறு சொல். அது உங்களில் சிலருக்கு நன்றாகவே தெரியும்.)

என் கவலை பெயர்ச்சொல்லைப் பற்றியது அல்ல, வினைச்சொல்லைப் பற்றியது. காய்ச்சு, வடி, கலக்கு, ஆற்று என்று சொன்ன வீடுகளில் இப்போது 'ஃபில்டர் பண்ணு', 'மிக்ஸ் பண்ணு', 'கூல் பண்ணு' என்கிறார்கள். வந்த விருந்தாளி இருக்கட்டும்; வீட்டுப் பிள்ளைகளை ஏன் வெளியே அனுப்ப வேண்டும்?

நாளைக் காலை உங்கள் பிள்ளைகளிடம் "சூடா இருக்கு, ஆற்றிக் குடி" என்று சொல்லுங்கள். அது போதும்.