மழைக்கும் ஒரு பேரேடு வேண்டும்

நமது சங்கத்தில் ஒரு ரூபாய் வந்தாலும் வரவில் ஏறுகிறது. ஒரு ரூபாய் போனாலும் பற்றில் ஏறுகிறது. தணிக்கை அதிகாரி கேட்டால் காட்டுவதற்குப் பேரேடு இருக்கிறது. ஆனால் எந்தத் தண்ணீரை நம்பி அந்த ரூபாயைப் பயிர்க் கடனாகக் கொடுக்கிறோமோ அந்தத் தண்ணீருக்கு நம்மிடம் கணக்கு இல்லை. சென்ற ஐப்பசியில் சேவுகம்பட்டி எல்லைக்குள் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று ஒருவர் கேட்டால், 'நல்ல மழை' என்றோ 'சுமாரான மழை' என்றோதான் நாம் விடை கூறுவோம். இது சிறு குறையன்று.

'மழையை அளக்க அரசாங்கம் இருக்கிறதே' என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மையே. இந்திய வானிலை இலாகா 1875ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. சூரியனில் தோன்றும் கறைகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அக்காலத்து அறிஞர்கள் ஆராயத் தலைப்பட்டனர். அந்த ஆராய்ச்சி, 1899ல் கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கு ஒரு காரணமாயிற்று. நமக்கு மேற்கே நிற்கும் பழனி மலையின் உச்சியில் நூறாண்டுகளுக்கு மேலாகச் சூரியனைக் கவனித்துக் குறித்து வருகிறார்கள். மலையடியிலுள்ள நாமோ நம் வயலில் விழும் மழையைக் குறித்து வைப்பதில்லை!

அரசாங்கத்தின் கணக்கு ஒரு பெரும் பகுதிக்கு உரியது. நம் மழையோ ஊருக்கு ஊர் மாறுவது. தென்மேற்குப் பருவக் காற்றைப் பழனி மலை பெரும்பாலும் தடுத்து விடுவதால், வடகிழக்குப் பருவத்தையும் கோடை மழையையுமே நாம் மிகுதியும் நம்பியிருக்கிறோம். கோடை மழை ஓர் ஊரை நனைத்து, அடுத்த ஊரை அப்படியே விட்டுப் போவதை யார் அறியார்? ஒரே மலையில் பெய்யும் நீரிலும் ஒரு பங்கு மருதாநதி, மஞ்சளாறு வழியே வைகைப் படுகையைச் சேர்கிறது. இன்னொரு பங்கு கொடகனாறு வழியே அமராவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டின் சராசரி மழை 440 மில்லிமீட்டருக்குப் பதிலாக 168 மில்லிமீட்டர்தான் என்பது ஏட்டில் இருக்கிறது. அந்த ஆண்டு நம் ஊருக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதை நாம் எழுதி வைத்தோமா?

நம் முன்னோர் அளவு அறியாதவர்கள் அல்லர். மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்று பார்த்து 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று கணித்தார்கள். கண்மாய் நீரைப் பங்கிட்ட நீர்ப்பாய்ச்சியின் நினைவில் ஒரு கணக்கு இருந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஒவ்வொருவரும் தனித்தனியே பூமிக்குள் இறங்கினோம். பொதுக் கணக்கு மறைந்தது. நம் பக்கத்துப் பூமி கடினப் பாறை. அதன் மேல்மண்ணிலும் வெடிப்புகளிலும் தேங்கும் நீரே நமக்கு உரியது. ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்ற நிச்சயம் இல்லை. துளையிட்டும் நீர் கிட்டாதபோது, கடன் மட்டும் மேலே நிற்கிறது. அந்தப் பாரம் வாங்கியவரோடு நிற்பதில்லை. ஜாமீன் போட்டவரையும் சங்கத்தையும் சேர்த்து அழுத்துகிறது.

நெசவாளர்களுக்கு இதில் என்ன என்று எண்ண வேண்டா. வீதியில் பாவு நீட்டிக் கஞ்சி போட வெயில் வேண்டும். அடைமழை பிடித்தால் வேலை நின்றுபோகும். காற்று மிக உலர்ந்தால் தறியில் இழை அறும். சின்னாளபட்டிச் சுங்குடி போன்ற சேலைக்குச் சாயம் சீராக ஏறுவதற்கும் நல்ல நீர் வேண்டும். சாயக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தால் நஷ்டம் இரு தரப்பாருக்கும் உண்டு. நொய்யல் நதி பாழ்பட்டு, 2011ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்ததை நாம் மறக்கலாகாது.

பிறர் செய்து காட்டிய வழி ஒன்று உண்டு. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் வறண்ட ஏழு மாவட்டங்களில், 2003 முதல் சில ஆண்டுகள் விவசாயிகளே மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்தனர். பருவத் தொடக்கத்தில் ஊர் கூடி, இருப்பு எவ்வளவு, போட எண்ணும் பயிருக்குத் தேவை எவ்வளவு என்று கணக்கிட்டனர். எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. கணக்கைக் கண்ணால் கண்ட பலர், தாமாகவே நெல்லைக் குறைத்து, குறைந்த நீரில் விளையும் பயிர்களுக்கு மாறினர்.

நாமும் தொடங்கலாம். சங்கக் கட்டிடத்தருகே, மரநிழலும் சுவரும் மறைக்காத திறந்த இடத்தில் ஒரு மழைமானி. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவு. ஊரின் நான்கு திசைகளிலும் ஒவ்வொரு கிணறு. மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டம். இரண்டையும் ஒரு பேரேட்டில் எழுதி, சங்கத்தின் கரும்பலகையில் எல்லோரும் காணப் போட வேண்டும். ஓர் ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 40,000 லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளும் போடுவார்கள்.

கிணற்றில் நீர் மிகுந்தவர் தம் இருப்பைப் பிறர் அறிவதை விரும்பாமலிருக்கலாம். ஆனால் நிலத்தடி நீருக்கு வரப்பு இல்லை. இன்று ஒருவர் இறைப்பது நாளை அடுத்தவர் கிணற்றில் குறைகிறது. ஒருவர் சேமிப்பும் மற்றவர் தேவையும் ஒரே கணக்கில் சேர்வதுதானே கூட்டுறவு?

பேரேடு மழையைக் கொண்டு வராது. பொய்த்த மழையை நம்பிக் கடன் வாங்குவதை அது தடுக்கும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டிக் கொள்கிறோம். ஐப்பசி பிறக்குமுன் முதல் பக்கம் எழுதப்படட்டும்.