காடிக்குள்ள கலர் லைட் போடுற தம்பிகளுக்கும், அவங்களத் திட்டுற பெரியவங்களுக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. காடி வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் காடியை மாற்றி அழகு பார்க்கும் தம்பி தங்கச்சிகள், பொறுமையாகப் படிங்க.

வாகன பூசைக்கு வரும் காடிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது, டயருக்கு அடியில் எலுமிச்சை வைப்பது, திருவிழா இரவில் பார்க்கிங் பார்ப்பது எல்லாம் எங்கள் தொண்டர் குழுவின் வேலை. அதனால் மெக்கானிக்குக்கு அடுத்தபடியாக ஊர்க் காடிகளின் உள்பக்கத்தைப் பார்ப்பவர்கள் நாங்கள்தான். இப்போது நிறையக் காடிகளில் ஒரே காட்சி. நீல நிற மீட்டர், ஊதா நிற ஏர்கோன் சுவிட்ச், காலடியில் பாட்டுக்கு ஏற்ற மாதிரி ஆடும் எல்இடி பட்டை, டேஷ்போர்டு மேல் பிள்ளையார், அவர் தலைக்குப் பின்னால் சுற்றும் ஒளிவட்டம்.

இதைப் பார்த்தால் பெரியவர்கள், "ரௌடிப் பசங்க காடி மாதிரி இருக்கு" என்கிறார்கள். தம்பிகள், "என் காசு, என் காடி, உங்களுக்கென்ன?" என்கிறார்கள். இரண்டு பக்கமும் பேச வேண்டியதைப் பேசவில்லை என்பது எங்கள் கருத்து.

முதலில் பெரியவர்களுக்கு. வெளிச்சத்தின் மேல் நமக்கு இருக்கும் ஆசை இன்று வந்ததா? தோட்டத்துக் கோவில் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் எரிந்த காலம் போய், ஜெனரேட்டர் வந்து, சீரியல் பல்பு வந்து, இப்போது ரதம் முழுக்க எல்இடி. தைப்பூசத்துக்கு புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக்கு வரும் காவடிகளில்கூட பேட்டரி கட்டி விளக்கு எரிகிறது. சாமிக்குப் போட்டால் அலங்காரம், பையன் காடியில் போட்டால் ரௌடித்தனமா? தாத்தா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பால் வெட்டப் போனார். பேரன் மாசாமாசம் சேர்த்து வைத்து ஒரு செகண்ட் ஹேண்ட் மைவி வாங்கி, அதுக்குள்ளே தனக்குப் பிடித்த கலரில் விளக்குப் போடுகிறான். அதில் ஒரு குற்றமும் இல்லை.

அதுமட்டுமில்லை, மீட்டரைக் கழற்றி விளக்கு மாற்றுவது சும்மா வேலையும் இல்லை. பழைய காடி என்றால் பின்னால் இருக்கும் சின்ன பல்பைத் திருகி எடுத்து எல்இடி செருகினால் போதும். எரியவில்லை என்றால் திருப்பிப் போட வேண்டும், ஏனென்றால் எல்இடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு. புதிய மீட்டர்களில் அரிசி அளவு எல்இடி போர்டோடு ஒட்டியிருக்கும். அதைச் சூடுபண்ணி எடுத்து, வேறு கலர் வைத்துப் பற்றவைக்க வேண்டும். கை நடுங்காமல் இதைச் செய்கிற பையனைப் பார்த்தால் திட்டாதீங்க. ஈப்போவிலேயே உங்கு ஒமார் பாலிடெக்னிக் இருக்கிறது, படிக்க அனுப்பப் பாருங்க.

இனி தம்பிகளுக்கு.

நீங்கள் ரொம்ப விரும்பும் அந்த நீல எல்இடி சாதாரணப் பொருள் இல்லை. சிவப்பும் பச்சையும் 1960களிலேயே வந்துவிட்டன. நல்ல பிரகாசமான நீலம் 1993இல்தான் ஜப்பானில் வந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆனால் இரவில் காடி ஓட்டுபவனின் முகத்துக்கு நேரே வைக்க அதைவிட மோசமான கலர் கிடையாது.

காரணம் கண்ணில் இருக்கிறது. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இருட்டில் பார்க்க உதவும் செல்களைச் சிவப்பு வெளிச்சம் அதிகம் தொந்தரவு செய்யாது, நீலமும் வெள்ளையும் உடனே கெடுத்துவிடும். பிஎம்டபிள்யூ காடிகளில் பல வருஷம் மீட்டர் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது இதை நினைத்துத்தான். வயசான கண்ணில் நீல வெளிச்சம் இன்னும் அதிகமாகச் சிதறும். அப்பா அந்தக் காடியை ஓட்டும்போது அவருக்கு மீட்டரே மங்கலாகத் தெரியும், ரோட்டைச் சொல்லவே வேண்டாம்.

"ஈப்போ டவுன்ல எல்லா ரோட்டுலயும் லைட் இருக்கே" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நம் கோவில்கள் எல்லாம் டவுனிலா இருக்கின்றன? சுங்கை சிப்புட், செம்மோர், பீடோர் பக்கம் போய்ப் பாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயன் வீடுகள் போய்விட்டன, சனங்களும் டவுனுக்கு வந்துவிட்டார்கள். கோவில் மட்டும் அங்கேயே நிற்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பிப் போகிறோம். ராத்திரி பூசை முடிந்து கிளம்பும்போது இரண்டு பக்கமும் செம்பனை, ஒரு தெருவிளக்குக் கிடையாது. அந்த ரோட்டு ஓரத்தில்தான் பிரசாதப் பொட்டலத்தோடு பாட்டிகள் நடந்து போவார்கள். பின்விளக்கு இல்லாத மோட்டார் போகும். மாடு படுத்திருக்கும். உங்கள் காடிக்குள் இருக்கும் வெளிச்சம் முன் கண்ணாடியில் பட்டுத் தெரிகிற அந்த இடத்தில்தான் அந்தப் பாட்டியும் இருப்பார்.

இன்னொரு விஷயம், நிறையப் பேர் யோசிக்காதது. மீட்டரில் நீல நிறத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஹைபீம் போட்டிருக்கிறோம் என்று சொல்லும் சின்ன விளக்கு நீலம். சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனி, பச்சை என்றால் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, நீலம் என்றால் ஹைபீம். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். மைவி போன்ற சில காடிகளில் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்பதற்கும் ஒரு நீல விளக்கு உண்டு. மீட்டர் முழுக்க நீலமாக்கிவிட்டால் ஹைபீம் எரிவது ஓட்டுபவனுக்கே தெரியாது. எதிரில் மோட்டாரில் வருபவருக்குத்தான் தெரியும். அவருக்குக் கண் கூசி வாய்க்காலில் இறங்கினால் யார் பொறுப்பு?

ஒயரிங் பற்றியும் சொல்லவேண்டும். மீட்டரில் பல்பை எடுத்து எல்இடி போட்டால் மின்சாரம் குறையத்தான் செய்யும், அதனால் ஆபத்தில்லை. ஆபத்து எங்கே என்றால், காலடிப் பட்டைக்கு எந்த ஒயர் கைக்கு வந்ததோ அதைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி விடுகிறோமே, அங்கேதான். பியூஸ் இல்லாமல் இழுத்த ஒயர் கம்பளத்துக்கு அடியில் தேய்ந்து இரும்பில் பட்டால் புகை வரும். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஒயரும் கனெக்டரும் ஏர்பேக்குக்கு உரியது. அந்தப் பக்கம் டெஸ்டர்கூட வைக்காதீங்க. பழைய காடிகளில் பேட்டரி படம் போட்ட விளக்கு வெறும் விளக்கில்லை. அது வழியாகப் போகும் மின்சாரத்தில்தான் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்ய ஆரம்பிக்கும். அந்தப் பல்பையும் எல்இடி ஆக்கினால் சில காடிகளில் சார்ஜே ஏறாது. மீட்டர் முள்ளைப் பிடுங்கி மறுபடி வைக்கும்போது கொஞ்சம் தள்ளி வைத்தாலும் ஸ்பீடு தப்பாகக் காட்டும். ஹைவேயில் 110 என்று நினைத்து 120 ஓடுவீங்க, சமன் வீட்டுக்கு வரும்.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். காடிக்கு வெளியே தெரியும்படி நீலம், சிவப்பு மின்னல் விளக்குப் போட்டால் ஜேபிஜே விடமாட்டார்கள். அது போலீஸ், ஆம்புலன்ஸ், பொம்பா வண்டிகளுக்கு உரியது. வழிவிட வேண்டியவர்கள் குழம்பக்கூடாது என்பதற்குத்தான் அந்த விதி.

கடைசியாக, டேஷ்போர்டு சாமி. கோவில் தொண்டர்கள் இதைச் சொல்வது சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனால் நாங்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வது? இடது பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடிமேல் சிலையை ஒட்டாதீங்க. மோதினால் அந்த மூடி கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்துத் திறக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா முகத்தில் போய் அடிப்பது அந்தச் சிலைதான். சாமிக்குப் பின்னால் சுற்றும் விளக்கும் தேவையில்லை. கருவறை ஏன் இருட்டாக இருக்கிறது? கற்பூரம் காட்டும் அந்தக் கொஞ்ச நேரத்தில் முகம் தெரியவேண்டும் என்பதற்காகத்தானே. நாள் முழுக்க ஏழு கலரில் மின்னும் முகத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

1. மீட்டருக்கு நீலம், வெள்ளை வேண்டாம். ஆரஞ்சு போடுங்க. சிவப்பு வேண்டாம், எச்சரிக்கை விளக்கு அதில் மறைந்துவிடும். எச்சரிக்கை விளக்குகளின் கலரைத் தொடவே தொடாதீங்க.

2. காலடி விளக்குக்குத் தனி பியூஸ், தனி சுவிட்ச். காடி நகர ஆரம்பித்தால் அணைச்சிடுங்க. நிறுத்தி வைத்துப் பந்தா காட்டுங்க, நாங்களும் வந்து பார்க்கிறோம்.

3. மாற்றம் செய்ததை இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லிவைங்க. விபத்துக்குப் பிறகு சொன்னால் கேள்வி வரும்.

4. சிலையை ஏர்பேக் மூடியிலிருந்து எடுத்துவிடுங்க. சின்னப் படம் போதும். பூசையில் நாங்கள் கட்டும் சிவப்புக் கயிறும் போதும்.

கோவில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வாகன பூசைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்து வாசலில் நம் வொர்க்‌ஷாப் தம்பிகளையே உட்காரவைத்து, வருகிற காடிகளின் ஒயரிங்கை இலவசமாகப் பார்க்கச் சொல்லலாம். ஒரு பெட்டி பியூஸ், கொஞ்சம் டேப், மதியம் அன்னதானம். செலவு அவ்வளவுதான். திட்டிக் கேட்காத பையன், "வாடா, வந்து நாலு பேருக்குப் பார்த்துக் கொடு" என்றால் கண்டிப்பாக வருவான்.

உங்கள் கோவிலில் செய்ய விருப்பமிருந்தால் கமெண்டில் சொல்லுங்க, சேர்ந்து நாள் குறிப்போம். தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்குப் போகிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இதைப் பகிருங்க.

முருகா சரணம்.