திறவுச்சொல் இடும் முறை: இணையத் தேடலும் தமிழ் ஆய்வுக் கட்டுரையும்

ஆய்வுச் சுருக்கத்தை அடுத்துத் திறவுச்சொற்கள் சிலவற்றைத் தருவது தமிழ் ஆய்விதழ்களில் இன்று நடைமுறையாகிவிட்டது. ஆயின் அவ்விடத்தில் ‘தமிழ்’, ‘இலக்கியம்’, ‘பண்பாடு’, ‘சமூகம்’ போன்ற பொதுச்சொற்களே பலகாலும் இடம்பெறுகின்றன. எல்லாக் கட்டுரைக்கும் பொருந்தும் சொல் எந்தக் கட்டுரையையும் அடையாளம் காட்டாது. ஆய்விதழ்கள் இணையத்திற்கு வந்துவிட்ட நிலையில், தேடுவோர்க்கு அகப்படாத கட்டுரை எழுதப்படாத கட்டுரைக்கு ஒப்பாகும். அதன் முடிபுகளை அறியாமலே மற்றொருவர் அதே பொருளை மீண்டும் ஆராய நேர்கிறது. ஆகவே, திறவுச்சொல்லைத் தேர்ந்து உரிய இடத்தில் அமைப்பது ஆய்வாளரின் பணியே; தட்டச்சரிடம் விடத்தக்கதன்று.

இக்கருத்து தமிழ் மரபுக்குப் புதிதன்று. நன்னூல் சிறப்புப் பாயிரத்திற்கு உரியனவாக வகுக்கும் எட்டனுள் நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியன அடங்கும். நூலினுள் புகுமுன்பே அது தனக்கு உரியதா என்பதைக் கற்போன் அறிய இவை துணைசெய்கின்றன. சொல்வழித் தேடலுக்கும் முன்னோடி உண்டு. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை வெளியிட்டது. அத்தகைய அடைவில் தலைச்சொல்லைப் பிரித்துக் காட்டுபவர் மொழியறிந்த அறிஞர். இணையத்தில் அப்பணி எந்திரத்திடம் விடப்பட்டுள்ளது. இங்குதான் தமிழின் சொல்லமைப்பு கருதத்தக்கதாகிறது.

நடுகல் பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ‘நடுகல்லில்’, ‘நடுகல்லின்’ ஆகிய வடிவங்களில் ‘நடுகல்’ என்னும் எழுத்துத்தொடர் சிதையாமல் நிற்கிறது. ‘நடுகற்கள்’ என்பதிலோ லகரம் றகரமாகத் திரிந்துவிடுகிறது. எழுத்துத்தொடரை மட்டும் ஒப்பிடும் தேடற்பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். கட்டுரை முழுவதும் பன்மையே பயின்று, தலைப்பும் ‘கல்லான மறவர்’ என அணிநயத்தோடு அமையின், ‘நடுகல்’ எனத் தேடுவோர் அக்கட்டுரையைக் காணாமற்போகக் கூடும். எனவே வேற்றுமையுருபும் பன்மை விகுதியும் ஏலாத வடிவம் தலைப்பிலோ துணைத்தலைப்பிலோ ஒருமுறையும், சுருக்கத்தின் முதற்பகுதியில் ஒருமுறையும் வருதல் வேண்டும். ‘வீரக்கல்’, ‘நினைவுக்கல்’ என வழங்கும் பிற பெயர்களும், ஆராயப்படும் நூல், வட்டாரம், காலம் ஆகியவற்றின் பெயர்களும் திறவுச்சொற்களாதல் தகும். உட்தலைப்புகள் ‘முன்னுரை’, ‘முடிவுரை’ என்பவற்றோடு நின்றுவிடாமல் பொருளைச் சுட்டுதலும் நன்று.

ஒரே சொல்லைப் பன்முறை அடுக்கினால் தேடலில் முன்னிடம் கிடைக்கும் என்பது பிழைபட்ட எண்ணம். பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதப்படும் திறவுச்சொற் குறியை வலைத்தேடலின் தரவரிசைக்குக் கொள்வதில்லை எனக் கூகுள் நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. சொற்களை வலிந்து திணிக்கும் பக்கங்களை அது முறைகேடாகவும் கருதுகிறது. தொல்காப்பியமும் நன்னூலும் ‘கூறியது கூறல்’ என்பதை நூற்குற்றங்களுள் ஒன்றாக வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. மிகைபடக் கூறாமையும் உரிய இடத்திற் கூறுதலும் எழுத்துக்கும் தேடலுக்கும் பொதுவான நெறிகள்.

சொல் சரியாயினும் எழுத்துரு தவறாயின் பயனில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், உள்ளே உரோமன் எழுத்துகளின் குறியீடுகளையே கொண்டிருக்கும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதன் பின்னரும் பழைய எழுத்துருவிலோ படமாகவோ கட்டுரைகளை வலையேற்றுவது அவற்றைப் பூட்டி வைப்பதற்கு நிகராகும்.

இவையெல்லாம் வணிக உத்திகள், ஆய்வுக்கு ஒவ்வாதவை என்பார் உளர். விற்பனைக்காகச் சொல்லை வளைப்பது வேறு, எழுதிய பொருளை உள்ளவாறு பெயரிட்டுக் காட்டுவது வேறு. அணிநயத் தலைப்பை விரும்புவோர் அதனை விடவேண்டியதில்லை. பொருளைச் சுட்டும் துணைத்தலைப்பு ஒன்றைச் சேர்த்தல் போதும். கட்டுரையின் கருத்தையும் சான்றையும் மதிப்பிடும் வல்லுநர் குழு, திறவுச்சொற்களையும் மதிப்பீட்டுக்குரிய உறுப்பாகக் கொள்ளுதல் வேண்டும். ஐந்து சொற்களை ஆராய்ந்து இடுவதற்குச் செலவாகும் சிறுபொழுது, பல்லாண்டு உழைப்பு பிறர்க்குப் பயன்படுவதற்கு வழிசெய்யும்.