எல்லை தாண்டிய குற்றமும் எல்லைக்குள் சுருங்கிய விசாரணையும்

பாலியல் வழக்குகளில் மறுவிசாரணை என்பது கேரள அரசியலில் நீதியின் சொல்லாக இல்லை. எதிர்க்கட்சி வரிசையின் சொல்லாகிவிட்டது. அவ்வரிசையில் அமர்ந்திருக்கும்வரை அது உரக்க ஒலிக்கும். ஆட்சிக்கு வந்ததும் ‘சட்ட ஆலோசனை’ என்னும் திரைக்குப் பின்னால் மறையும். சூரியநெல்லி வழக்கின் வரலாறே இதற்குச் சான்று.

1996 ஜனவரி 16 அன்று இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த 16 வயது மாணவி கடத்தப்பட்டார். 40 நாட்கள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டுப் பலரால் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். 2000 செப்டம்பரில் கோட்டயம் சிறப்பு நீதிமன்றம் 35 பேருக்குத் தண்டனை விதித்தது. 2005 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அந்த 35 பேரையும் விடுவித்தது. முதன்மைக் குற்றவாளிக்குத் தனியாக விதிக்கப்பட்டிருந்த ஆயுள் தண்டனையை ஐந்து ஆண்டுகளாகக் குறைத்தது. தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் அவர் ஏன் தப்பவில்லை என்ற கேள்வி அத்தீர்ப்பில் பெரும் இடம் பெற்றது. ஒரு சிறுமியின் அச்சத்தைச் சம்மதமாகப் படிக்கும் இந்த வாசிப்பே மேல்முறையீட்டில் உடனடியாக எதிர்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மேல்முறையீடு எட்டு ஆண்டுகள் உச்சநீதிமன்றத்தில் கிடந்தது. அவ்வெட்டு ஆண்டுகளில் இரு முன்னணிகளும் ஆட்சி செய்தன.

2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பின் நாடு கொந்தளித்தபோதுதான் கோப்பின் மீதிருந்த தூசு தட்டப்பட்டது. 2013 ஜனவரி 31 அன்று உச்சநீதிமன்றம் விடுதலையை ரத்துசெய்து, ஆறு மாதங்களுக்குள் புதிதாக விசாரித்து முடிக்குமாறு உயர்நீதிமன்றத்துக்கு ஆணையிட்டது. தீர்ப்பு வந்தது 2014 ஏப்ரலில். 24 பேரின் தண்டனை உறுதியாயிற்று. குற்றம் நிகழ்ந்து 18 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதே 2013இல் திருவனந்தபுரம் சட்டமன்றம் என்ன பேசியது? அப்போது மாநிலங்களவைத் துணைத்தலைவராக இருந்த பி.ஜே. குரியனின் பெயரைப் பேசியது. பாதிக்கப்பட்டவர் அவர்மீது குற்றஞ்சாட்டியிருந்தார். அவர் தொடர்ந்து மறுத்துவந்தார். காவல்துறை அவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கவில்லை. தனிப்புகார் வழக்கும் 2007இல் உயர்நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. தலைமறைவாயிருந்த முதன்மைக் குற்றவாளி தொலைக்காட்சியில் குரியனுக்கு எதிராகப் பேசி, பின்னர் அதிலிருந்து பின்வாங்கியதும் அவ்வாண்டில்தான். இடதுசாரிகள் மறுவிசாரணை கோரி அவையை முடக்கினர். உம்மன் சாண்டி அரசு மறுத்தது. ஒரு தனிமனிதரைக் காப்பதா, வீழ்த்துவதா என்பதே இரு தரப்பின் கவலையாக இருந்தது.

கோழிக்கோடு ஐஸ்கிரீம் பார்லர் வழக்கும் இதே தடத்தில் சென்றது. 2011 ஜனவரியில் பி.கே. குஞ்ஞாலிக்குட்டியின் உறவினரே, வழக்கைக் குலைக்கச் சாட்சிகளுக்கும் நீதிபதிகளுக்கும் பணம் தரப்பட்டதாகக் குற்றஞ்சாட்டினார், குஞ்ஞாலிக்குட்டி மறுத்தார். சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கையில் அச்சுதானந்தன் அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தேர்தலில் ஆட்சி மாறியது, குஞ்ஞாலிக்குட்டி அமைச்சரானார். மத்தியப் புலனாய்வு கோரி அச்சுதானந்தன் தொடுத்த மனுவை 2016இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் இந்த நாடகத்தில் எந்தக் காட்சியில் வந்தார்கள்?

அரசியல் அழுத்தம் இல்லாவிடில் இவ்வழக்குகள் என்றோ புதைந்திருக்கும் என்பர் சிலர். அதில் பாதியே உண்மை. ஐஸ்கிரீம் பார்லர் வழக்கை விடாது பற்றி நின்றது கே. அஜிதாவின் ‘அன்வேஷி’ போன்ற பெண்கள் அமைப்பு. இயக்கத்தின் விடாப்பிடியையும் கட்சியின் பருவகால ஆவேசத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது நேர்மையன்று. சட்டத்திலும் வழி உண்டு. புதிய சான்று கிடைத்தால் மேல்விசாரணை நடத்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(8) இடமளித்தது. இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 193(9). பழைய விசாரணையை ஒதுக்கிவிட்டு முற்றிலும் புதிதாகத் தொடங்க ஆணையிடும் அதிகாரம் உயர்நீதிமன்றங்களுக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் உரியது என்று வினய் தியாகி வழக்கில் 2012இலேயே தெளிவாக்கப்பட்டது. ஆகவே அளவுகோல் சான்றாக இருக்க வேண்டும். தேர்தல் நாட்காட்டியாக இருக்கலாகாது.

இந்தப் பெயர்ச் சண்டையில் மறக்கப்பட்ட இன்னொன்று உண்டு: அச்சிறுமி மாநில எல்லையைக் கடந்து கொண்டுசெல்லப்பட்டார் என்பது. எல்லை என்றால் என்ன என்பதைப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி ஊர்களில் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு வரையப்பட்டதே தவிர மக்கள் பிரியவில்லை. பெண் கொடுப்பதும் கொள்வதும் சந்தைக்குப் போவதும் களியக்காவிளையைத் தாண்டி இன்றும் நடக்கின்றன. சாலையில் செல்பவருக்கு எல்லை கடந்ததே தெரியாது. காவல் நிலையத்துக்கு மட்டும் அது மதில். அமரவிளையில் மதுவும் கஞ்சாவும் தேடி வண்டிகளை நிறுத்துகிறார்கள். பேருந்தில் அந்நிய ஆணின் பக்கத்தில் அச்சத்தோடு அமர்ந்திருக்கும் சிறுமியை யார் கேட்கிறார்கள்?

மதிலைத் தாண்டும் வழியும் ஏட்டில் இருக்கிறது. அதே 1956இல் பிறந்த ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் நடக்கும் பாலியல் சுரண்டல் குற்றங்களை விசாரிக்கத் தனிக் காவல் அதிகாரிகளை நியமிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருகிறது. 22ஏஏ பிரிவு அத்தகைய வழக்குகளுக்குச் சிறப்பு நீதிமன்றங்களையும் அனுமதிக்கிறது. மறுவிசாரணை கோரி அவையை முடக்கியவர்களும் அதை மறுத்தவர்களும் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்: அழைத்துச் சென்றவர் யார், அறை கொடுத்தவர் யார், பணம் வாங்கியவர் யார், இரு மாநிலக் காவலர்களும் எதைக் காணாமல் விட்டார்கள்?

அடுத்த முறை மறுவிசாரணை என்ற சொல் அவையில் எழும்போது, எழுப்புபவரிடம் இரண்டு கேள்விகளை வைக்க வேண்டும். புதிய சான்று எது? நீங்கள் ஆட்சியில் இருந்தபோது அதைத் தேட என்ன செய்தீர்கள்? இவற்றுக்கு விடை சொல்லாத முன்னணி, இடமாயினும் வலமாயினும், பாதிக்கப்பட்டவரின் வாழ்வைத் தன் வாக்குக்கு முதலீடாக்குகிறது.